காய்ச்சல் இறங்கிய பிறகு வந்த மூச்சுத் திணறல்: ஈரோட்டில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 15 நாட்கள்

கடந்த ஆடி மாதத்தில் என் தங்கையின் கணவர் 15 நாட்கள் படுத்திருந்த, ஈரோட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. மலேரியாவால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட ஒருவரை அங்கே எப்படிப் பார்த்துக்கொண்டார்கள், எந்த இடத்தில் நன்றாகச் செய்தார்கள், எந்த இடத்தில் தவறினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பெயரைப் பார்த்த உடனே முடிவுக்கு வந்துவிட்டு உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காமல் போகும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டித் தொழிலைத் தெரியாதவர்கள் இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் இங்கிருந்து புறப்பட்டு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று மாதக்கணக்கில் சுற்றிவிட்டு, மழை பிடித்து மண் இளகி வண்டியை நகர்த்த முடியாத நிலை வந்த பிறகுதான் ஊர் திரும்பும். மாப்பிள்ளை அப்படியொரு வண்டிக்கு மேனேஜர். வயது 41, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. இந்த எண்களுக்குப் பின்னால் வேலை இருக்கிறது. சத்தீஸ்கரில் மலேரியா மிகுந்த பஸ்தர் பகுதியில் இருந்து திரும்பிய ஆறாம் நாள் அவருக்குக் குளிர் காய்ச்சல் தொடங்கியது. ஊரில் உள்ள ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணு 58,000 என்று குறைந்து வந்ததால் டெங்குவாக இருக்கும் என்றார்கள். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் அதே எண்ணத்தில் 3 நாட்கள் தொடர்ந்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவர் எங்கிருந்து வந்தார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நாங்களும் சொல்லவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவன். 20 ஆண்டுகளுக்கும் மேலாக மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் எதைக் கண்டார் என்று ஒப்பித்துக்கொண்டிருப்பவன், வீட்டு மாப்பிள்ளைக்குக் குளிர் காய்ச்சல் வந்தபோது பஸ்தர் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. நான் வரையும் அந்தப் படத்தில் கல்லீரல் உண்டு, சிவப்பணு உண்டு, கொசுவின் குடலும் உமிழ்நீர்ச் சுரப்பியும் உண்டு, நுரையீரல் கிடையாது.

நான்காம் நாள் காலையில் கண் மஞ்சள் பூத்து, சிறுநீர் கறுத்துப் போன நிலையில் ஈரோட்டுக்குக் கொண்டுசென்றோம். இங்கிருந்துதான் மதிப்புரை தொடங்குகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், நாடி பிடிப்பதற்கு முன்பே, "இந்த ஒரு மாசத்துல வெளியூர் எங்கயாச்சும் போயிட்டு வந்தாருங்களா?" என்று கேட்டார். பதில் கேட்டவுடன் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அட்டைப் பரிசோதனை செய்தார்கள். 20 நிமிடத்துக்குள் மலேரியாவின் கடுமையான வகையான பால்சிபாரம் என்று தெரிந்துவிட்டது. அதோடு விட்டுவிடாமல் கண்ணாடிச் சில்லில் இரத்தப் பூச்சும் எடுத்து, சிவப்பணுக்களில் 4 சதவீதத்தில் ஒட்டுண்ணி இருப்பதாக எண்ணிச் சொன்னார்கள். ஒட்டுண்ணி இருக்கிறதா இல்லையா என்பதை அட்டை சொல்லும். எவ்வளவு இருக்கிறது, மருந்துக்குக் குறைகிறதா என்பதை அறியப் பூச்சுதான் வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி மறுபடி அதைச் செய்த ஆய்வகத்துக்கு இந்த மதிப்புரையில் முழு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் நோய் தெரிந்த பிறகு மருந்து உடம்பில் ஏற 4 மணி நேரம் ஆயிற்று. கடுமையான மலேரியாவுக்கு முதலில் கொடுக்க வேண்டியது ஆர்ட்டிசுனேட் ஊசி. வங்கதேசம், மியான்மர், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், பழைய கொயினா ஊசி போட்டவர்களில் 22 சதவீதத்தினர் இறந்தபோது, ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் 15 சதவீதத்தினர் இறந்தனர். அதன் பிறகு இந்த விஷயத்தில் பெரிய விவாதம் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட மருந்து அந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் இல்லை. "ஆர்டர் போட்டிருக்குதுங்க, வந்துரும்" என்ற பதிலோடு என்னை உட்கார வைத்துவிட்டு, நகரத்தில் வேறெங்கோ இருந்து ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள். எங்கள் பக்கம் மலேரியா அரிது என்பது உண்மைதான். ஆனால் சத்தீஸ்கருக்கும் ஒடிசாவுக்கும் வண்டி அனுப்புகிற ஊர்களுக்கும், அந்த மாநிலங்களில் இருந்து பனியன் கம்பெனிகளுக்கு ஆள் வந்து இறங்குகிற ஊர்களுக்கும் நடுவில் இருக்கும் மருத்துவமனைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

மருந்து வந்த பிறகு செவிலியர்கள் அதைக் கையாண்ட விதத்தில் குறை காண முடியவில்லை. குப்பியில் இருப்பது 60 மில்லிகிராம் வெள்ளைத் தூள். அதனுடன் வரும் சோடியம் பைகார்பனேட்டை விட்டு, தெளியும் வரை குலுக்கி, பிறகு உப்பு நீர் சேர்த்து நரம்பில் மெதுவாகச் செலுத்த வேண்டும். கரைத்து வைத்தால் கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரைத்தார்கள். கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் என்ற கணக்கில் மாப்பிள்ளைக்கு ஏறத்தாழ 197 மில்லிகிராம் வேண்டும். 3 குப்பிகளில் 180 தான் கிடைக்கும். மீதி 17 மில்லிகிராமுக்காக நான்காவது குப்பியை உடைத்ததைக் கண்ணால் பார்த்தேன். முதல் ஊசி, 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று, அதன் பிறகு நாளுக்கு ஒன்று என்று 5 வேளைக்கு 20 குப்பிகள் ஆயின.

மூன்றாம் நாள் மாலையில் காய்ச்சல் இறங்கியது. பூச்சில் ஒட்டுண்ணி 1 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது. மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டார். நாங்கள் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். இந்த மருத்துவமனை தன் மதிப்பைக் காட்டியது இதற்குப் பிறகுதான். மாலை ஷிப்டுக்கு வந்த செவிலியர் படுக்கையின் அருகே நின்று, மானிட்டரைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, நோயாளியின் நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணினார். மானிட்டரில் மூச்சு 22 என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் தாளில் 32 என்று எழுதினார். நெஞ்சில் ஒட்டிய பட்டைகள் நகர்ந்தாலோ வியர்வையில் நனைந்தாலோ அந்த எண் தப்பும் என்றும், மூச்சை மட்டும் கையால்தான் எண்ண வேண்டும் என்று தங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மருத்துவரை அழைக்கப் போனார். அப்போது விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 93. இரவு 10 மணிக்கு 88.

எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல் வெள்ளை படர்ந்திருந்தது. முதல் நாள் படம் சுத்தமாக இருந்தது. மலேரியாவின் நுரையீரல் பாதிப்பு பலமுறை இப்படித்தான் வருகிறது: மருந்து வேலை செய்யத் தொடங்கி, ஒட்டுண்ணி குறைந்து, வீட்டார் பெருமூச்சு விடும் நேரத்தில். குழந்தைகளை விடப் பெரியவர்களுக்கே அதிகம். கர்ப்பிணிகளுக்கு அபாயம் இன்னும் கூடுதல். சாதுவானது என்று பெயரெடுத்த வைவாக்ஸ் மலேரியாவிலும், அரிதாக என்றாலும், வருவதுண்டு. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுரையீரலின் நுண் இரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்வதும், அவற்றை எதிர்த்து உடம்பே கிளப்பும் அழற்சியும் சேர்ந்து அந்தக் குழாய்ச் சுவர்களைக் கசிய வைக்கின்றன. ஒட்டுண்ணி செத்தாலும் கிளம்பிய அழற்சி உடனே அடங்குவதில்லை. சென்னிமலைப் போர்வையில் இழை விலகிய இடம் போல் சுவர் தளர்ந்துவிட, இரத்தத்தின் நீர்ப்பகுதி காற்றறைகளுக்குள் இறங்கிவிடுகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால், எவ்வளவு வேகமாக மூச்சு விட்டாலும் ஆக்சிஜன் இரத்தத்துக்குப் போய்ச் சேராது.

தலைமை மருத்துவர் இதைச் சொல்லும் முன் வேறு சாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிய முறையும் குறிப்பிடத் தக்கது. மலேரியா நோயாளி வேகமாக மூச்சு விட்டால் அது நுரையீரல் நீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரத்தத்தில் அமிலம் கூடினாலும், இரத்தம் மிகக் குறைந்தாலும், கூடவே கிருமி நிமோனியா வந்தாலும் மூச்சு வாங்கும். தமனி இரத்தம் எடுத்து அமிலம் பார்த்தார். எக்கோ எடுத்து இதயம் நன்றாக இயங்குவதை உறுதிசெய்தார். கிருமித் தொற்றை அறவே விலக்க முடியாததால் இரத்தக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்.

அடுத்து வந்தது டிரிப்ஸ் சண்டை. நம் ஊரில் மருத்துவமனைக்குப் போனால் பாட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாத மருத்துவர் கவனிக்காத மருத்துவர். இங்கே இரண்டாம் நாளில் இருந்தே உடம்புக்குள் போகும் நீரையும் வெளியேறும் சிறுநீரையும் மில்லிலிட்டர் கணக்கில் எழுதி, போவதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "பையன் வவுறு காஞ்சு கெடக்கறானுங்க, ஒரு பாட்டலாச்சும் ஏத்துங்க சாமி" என்று மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் கையை விடுவித்துக்கொள்ளாமலே, "ஒடம்புல தண்ணி பத்தாம இல்லீங்கம்மா, இருக்கக் கூடாத எடத்துல தண்ணி இருக்குதுங்க" என்றார். சுவர் கசியும் நிலையில் மேலே ஊற்ற ஊற்ற நுரையீரலுக்குள்தான் இறங்கும். கடும் மலேரியா வந்த பெரியவர்களுக்கு நீரை வேகமாக ஏற்றக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும். கிளினிக்கில் டெங்கு என்று நினைத்து ஏற்றிய பாட்டில்களுக்கு இந்த நிலையில் எவ்வளவு பங்கு உண்டு என்று கேட்டேன். அதை அளந்து சொல்ல முடியாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். முன்னால் பார்த்த மருத்துவரைத் திட்டிப் பெயர் வாங்கும் வழக்கம் இல்லாதவர் என்று தெரிந்தது.

மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் ஆக்சிஜன் 5 மணி நேரம்தான் தாங்கியது. விடியற்காலை 3 மணிக்கு வென்டிலேட்டரில் போட்டார்கள். அதற்கு முன் பணி மருத்துவர் ஓர் இஞ்ச் டேப்பை எடுத்து, படுத்திருந்தவரின் உச்சந்தலையில் இருந்து குதிகால் வரை அளந்தார். தையற்காரர் போல இதென்ன என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் தெரிந்தது: வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் தள்ளும் காற்றின் அளவை நோயாளியின் எடையை வைத்து முடிவு செய்யக் கூடாது, உயரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆள் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. 172 சென்டிமீட்டர் உயரத்துக்கு உரிய எடை ஏறத்தாழ 68 கிலோ. கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் வீதம் ஏறத்தாழ 407. அவருடைய 82 கிலோவை எடுத்துக்கொண்டிருந்தால் 492 ஆகியிருக்கும். ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை அந்த அதிகக் காற்றே மேலும் கிழித்திருக்கும். 861 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு, 12 மில்லிலிட்டருக்குப் பதில் 6 கொடுத்ததால் மட்டுமே இறப்பு ஏறத்தாழ 40 சதவீதத்தில் இருந்து 31 ஆகக் குறைந்ததாகக் காட்டியது. இயந்திரம் விலை உயர்ந்தது. அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது டேப்.

இரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்து வரும் எண்ணை வைத்து நோயின் கடுமையைச் சொல்கிறார்கள். 300-க்குக் கீழே வந்தாலே நோய், 100 அல்லது அதற்கும் கீழே என்றால் மிகக் கடுமை. மாப்பிள்ளைக்கு 128. குப்புறப் படுக்க வைத்தார்கள். மூச்சுக் குழாய், கழுத்தில் ஒரு குழாய், சிறுநீர்க் குழாய் எல்லாவற்றோடும் 82 கிலோ ஆளைக் கவிழ்க்க 6 பேர் வேண்டியிருந்தது. ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் ஒரே நேரத்தில் திருப்பினார்கள். ஒரு தடவைக்கு 16 மணி நேரம். அப்படி மூன்று தடவை. கன்னமும் நெற்றியும் புண்ணாகாமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு முறை தலையை இடமும் வலமும் மாற்றி வைத்த குறிப்புகள் தாளில் இருந்தன. மூன்றாம் தடவைக்குப் பிறகு அந்த எண் 210-க்கு ஏறியது. வென்டிலேட்டரில் போட்ட ஆறாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். நோயாளியைப் பார்க்க நாளுக்கு இரு முறை 10 நிமிடம்; மருத்துவர் தினமும் 12 மணிக்கு வந்து தமிழில் விளக்கினார், அவசரப்படவில்லை. ஆனால் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தன. நள்ளிரவு 3 மணிக்கு என் தங்கை படிக்காமலே கையெழுத்திட்டாள். உணவகத்தில் இட்லி பரவாயில்லை, காபி வேண்டாம். பில் 4.5 லட்சத்தை நெருங்கியது. வரிக்கு வரி சரிபார்த்ததில் ஆர்ட்டிசுனேட் 20 குப்பி என்பது சரியாக இருந்தது, எடுக்காத ஒரு ஸ்கேன் கணக்கில் ஏறியிருந்தது. சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் நீக்கினார்கள்.

உடன் இருப்போர் படுக்கும் கூடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே மலேரியா நோயாளி, கீழே ஜன்னல் வலை இல்லாத கூடம், சுவர் முழுக்கக் கொசு. தூக்கம் வராத ஓர் இரவில் அலைபேசி வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்தேன். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் உட்கார்ந்தால் பின்புறத்தைத் தூக்கிச் சுவருக்குச் சாய்வாக நிற்கும்; இவை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன, மலேரியாவைப் பரப்பாத கியூலெக்ஸ். விலங்கியல்காரனுக்கு நிம்மதி, கடிபட்டவனுக்கு அல்ல. மறுநாள் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்தேன். கொசுவர்த்திச் சுருள் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது.

அனுப்பும்போது செய்த ஏற்பாடுகள் நன்றாக இருந்தன. ஊசி முடிந்த பின் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தை 3 நாட்கள் குழாய் வழியாகக் கொடுத்து முடித்திருந்தார்கள். கொசுவுக்குத் தொற்றும் வடிவத்தைக் கொல்ல ஒரே வேளை பிரிமாகுயினும் கொடுத்தார்கள். ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் சிலருக்கு ஓரிரு வாரம் கழித்துச் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தம் திடீரென்று குறையலாம் என்பதால் 4 வாரங்களுக்கு வாரம் ஒரு முறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாம் வாரம் 10.4-இல் இருந்து 8.9 ஆகக் குறைந்தது. சொல்லி வைத்திருந்ததால் நாங்கள் பதறவில்லை, நான்காம் வாரம் தானே ஏறிவிட்டது. அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் சுகாதாரத் துறைக்கும் தகவல் கொடுத்திருந்தார்கள். சுகாதார ஆய்வாளர் வீடு தேடி வந்து எங்கள் எல்லோருக்கும் இலவசமாக இரத்தப் பூச்சு எடுத்ததோடு, வண்டியில் உடன் வந்த ஆட்களின் முகவரிகளையும் வாங்கிக்கொண்டு போனார். குறை ஒன்றே: டிஸ்சார்ஜ் தாளின் முதல் வரியில் "நிமோனியா" என்று பெரிதாகப் போட்டு, பால்சிபாரம் மலேரியா என்பதை நான்காம் வரியில் தள்ளியிருந்தார்கள். நாளைக்கு வேறொரு மருத்துவர் முதல் வரியைத்தான் படிப்பார் என்று சொல்லித் திருத்தி வாங்கினேன்.

வெளி மாநிலத்தில் இருந்து காய்ச்சலோடு திரும்பிய ஒருவரை இங்கே சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம் என்பேன். சேர்க்கும் முன் மருந்தகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். மாப்பிள்ளை இப்போது மாடிப்படி ஏறினால் இரண்டாம் மாடியில் ஒரு நிமிடம் நிற்கிறார். தீபாவளி கழித்து வண்டி கிளம்பும்போது 9 பேருக்கும் மருந்து தோய்த்த கொசுவலை வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவர் போகவில்லை. கடைசி இரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று மருந்தகத்தில் ஆர்ட்டிசுனேட் இருக்கிறதா என்று விசாரித்தேன். ஆர்டர் போட்டிருப்பதாகச் சொன்னார்கள்.